நடுக்குழாயைத் திறந்தவர்

எனக்கு மூக்கு போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது. வாசம் தெரிவதில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தால் தெரியாது. கேஸ் கசிந்தாலும் தெரியாது. என் மனைவி பிச்சிப்பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றால், கண்ணால் பார்த்துத்தான் பூ வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். கல்யாணமான புதிதில், "வாசமா இருக்கா?" என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை.

இது ஃபைபர் பட்டறை எனக்குக் கொடுத்தது. தென்காசியிலிருந்து ஆய்க்குடி போகிற ரோட்டில், வயலுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. காற்றாலைக் கம்பத்தின் உச்சியில் ஒரு பெரிய கூடு இருக்குமே, மிஷினை மூடி வைத்திருப்பது, அந்தக் கூட்டுக்கான பலகைகளை நாங்கள் செய்கிறோம். அச்சின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, இறுகினால் கல்லாகிற ரெசின் திரவத்தை பிரஷ்ஷால் பூசி, உருளையால் தேய்த்துத் தேய்த்து ஊற வைக்க வேண்டும். பூசுகிற நேரமெல்லாம் ரெசினின் ஆவி முகத்துக்கு நேராக ஏறும். காய்ந்த பிறகு ஓரத்தை கிரைண்டரால் தேய்க்கும்போது தூசி பறக்கும். அந்தத் தூசி ஒரு தடவை தோலில் இறங்கினால் குளித்தாலும் போகாது, அரித்துக்கொண்டே இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கே வந்து சேர்ந்தபோது, நிழலில் நின்று பார்க்கிற வேலை என்று சந்தோஷப்பட்டேன்.

முதலில் மூக்கு போனது. பிறகு நெஞ்சு. மாடிப்படி ஏறினால் விசில் மாதிரி ஒரு சத்தம் உள்ளேயிருந்து வரும். தென்காசியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அந்த வாடையும் தூசியும் இருக்கிற இடத்துல இனிமே நிக்கக் கூடாது. வேற வேலை பாருங்க" என்றார். வேற வேலை என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். இந்த வயதில், இந்தப் படிப்புக்கு, எந்தக் கதவைப் போய்த் தட்டுவது? அதுவும் நான் எதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாத ஆள். டீக்கடையில் சீனி குறைவாக இருந்தால்கூடக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்குப் புது முறை வந்தது. ரெசின் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்து செய்துகாட்டினார். அச்சின் மேல் கண்ணாடித் துணியை ரெசின் இல்லாமல் காய்ந்தபடியே விரிக்கிறார்கள். அதன்மேல் நுரை அட்டை, அதன்மேல் மறுபடி துணி. எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி, ஓரம் முழுக்கப் பிசின் டேப் ஒட்டி, பம்பை வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். பை துணியோடு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. பிறகு ரெசின் வாளியில் கிடக்கிற குழாயை நெரித்துப் பிடித்திருக்கும் கிளாம்பைத் திறந்தால், காற்று போன இடத்துக்கு ரெசின் தானாக ஓடி வருகிறது. பிரஷ் கிடையாது. உருளை கிடையாது. ஆவி பைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

எனக்கு வாசம் தெரியாது என்பதால், துணி வெட்டுகிற அக்காவிடம் கேட்டேன். வீரகேரளம்புதூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு லீவு கொடுக்கவில்லையென்றால் முதலாளியையே நிற்க வைத்துக் கேட்கிற வாய்.

"யக்கா, வாடை வருதா?"

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "ஒண்ணும் வரலியே. ஒன் சட்டைதான் நாறுது."

அன்று முழுவதும் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர்தான். அச்சன்புதூர்ப் பக்கம் வயல் உள்ள குடும்பம். டாக்டர் சொன்னதை அவரிடம் எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் தோளில் கை வைத்து, "இந்தப் புது வேலை ஓடிட்டுன்னா ஒன்ன அங்கனயே போட்டுருதேன்லே. அப்புறம் ஒனக்கென்ன, பேண்ட் சட்ட போட்டுக்கிட்டு கொழாயத் தொறந்து மூடுத வேலைதான்" என்றார்.

ஓடுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. காற்றாலைக் கம்பெனிக்கு முழு அளவில் ஒரு பலகை செய்து காட்ட வேண்டும். அது அவர்கள் சோதனையில் தேறினால் எல்லாப் பலகையும் இந்த முறையில்தான். கொட்டகையே மாறிவிடும், பிரஷ் வேலை நின்றுவிடும். அந்த ஒரு பலகை நன்றாக வந்தால் எனக்கு மூச்சு. வராவிட்டால் பழைய இடம்.

அதனால் பொறியாளர் சொன்ன ஒவ்வொன்றையும் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அவர் முதல் நாளே சொன்னார்: "ரெசின் ரொம்ப சோம்பேறிங்க. எங்க சுலபமா வழி இருக்கோ அங்க போயிரும். அதை நம்ம சொல்ற வழியில நடக்க வைக்கிறதுதான் இங்க வேலையே."

நுரை அட்டைக்கும் அச்சின் ஓரத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தால் போதும், ரெசின் அந்தச் சந்து வழியாக முதலில் ஓடி எல்லையைத் தொட்டுவிடும். நடு இடம் காய்ந்து கிடக்கும். அதனால் அட்டையை இறுக்கமாக வெட்டிப் பொருத்த வேண்டும். அட்டையில் துளைகள் போட வேண்டும், இல்லாவிட்டால் மேல் துணி நனையும், கீழ்த் துணிக்கு ரெசின் இறங்காது. மேலே ரெசின் வேகமாகப் பரவ ஒரு பிளாஸ்டிக் வலை விரிப்போம். அந்த வலையைப் பம்பு இருக்கும் முனை வரை கொண்டுபோகக் கூடாது. ஒரு சாண் முன்பே நிறுத்தினால், அங்கே வந்து ரெசின் வேகம் குறைந்து நின்று, கீழே ஊற நேரம் கிடைக்கும்.

முழுப் பலகை நீளமானது. ஒரே குழாயிலிருந்து ரெசின் அவ்வளவு தூரம் போகாது. அதற்குள் இறுக ஆரம்பித்துவிடும். ஆகவே பலகைக்குக் குறுக்கே மூன்று குழாய்கள். முதல் குழாயைத் திறக்க வேண்டும். ஈரம் நகர்ந்து நகர்ந்து நடுக்குழாயைத் தாண்டிய பிறகுதான் நடுக்குழாயைத் திறக்க வேண்டும். அதைப்போலவே மூன்றாவது. முந்தித் திறந்தால் இரண்டு பக்கத்து ஈரமும் எதிரெதிரே வந்து நடுவில் காற்றை அடைத்துவிடும்.

சின்னப் பலகைகளில் நானும் அக்காவும் பழகினோம். எல்லாம் நன்றாக வந்தன. வெள்ளைத் துணியில் ஈரம் ஏறி, துணியே மறைந்து, கீழே நுரை அட்டையின் நிறம் தெரிந்துகொண்டு வரும். பை வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எனக்குப் பிடித்த வேலை என்று வாழ்க்கையில் ஒன்று அதுதான்.

பெரிய பலகைக்கு நாள் குறித்தார்கள். பொறியாளர் அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார். அடுத்த வாரம் நல்ல நாள் இல்லை. "அவரு வந்தா வரட்டும், நாள் நமக்காவ நிக்குமா?" என்று அண்ணாச்சி முடித்துவிட்டார். சாரல் தொடங்கியிருந்தது. குளிரில் ரெசின் கெட்டியாகி மெதுவாகத்தான் நகரும், பொறுமையாக இருக்க வேண்டும் என்று பொறியாளர் போனில் சொன்னார்.

அன்று காலை போனால் பம்புக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்திருந்தார்கள். நாற்காலிகள் வந்து இறங்கின. அண்ணாச்சியின் அண்ணன் வந்திருந்தார். வயல் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாமலிருந்து, அப்போதுதான் சேர்ந்திருந்தார்கள். அதனால் முதல் குழாயை அவர்தான் திறக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அண்ணாச்சியின் மனைவி விடவில்லை. "ஒங்க அண்ணனுக்கு ஒண்ணுன்னா என் தம்பிக்கும் ஒண்ணு. அவன் என்ன கொறஞ்சவனா?" என்றார். ஆக நடுக்குழாய் மச்சினருக்கு, கடைசிக் குழாய் அண்ணாச்சிக்கு. நான் பக்கத்தில் நின்று எப்போது திறக்க வேண்டும் என்று கையால் காட்ட வேண்டும்.

அக்கா என் காதில் சொன்னார்: "கோயில் கொடையா நடக்குது இங்க? ஒரு வில்லுப்பாட்டும் வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

மச்சினர் என்னைவிட வயதில் சிறியவர். குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்டு, போனில் படம் பிடிக்க ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தார். தனக்கு இரண்டாவது இடம் என்கிற கடுப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

காற்றை உறிஞ்சிவிட்டுப் பம்பை நிறுத்திப் பார்த்தோம். மீட்டர் முள் அசையவில்லை, எங்கேயும் கசிவு இல்லை. அட்டை இறுக்கமாக இருந்தது. வலை சரியான இடத்தில் நின்றது. அன்று எல்லாமே சரியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.

அண்ணாச்சியின் அண்ணன் கும்பிட்டுவிட்டு முதல் கிளாம்பைத் திறந்தார். ரெசின் குழாயில் ஏறித் துணிக்குள் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். பிறகு எல்லோரும் மச்சினரைப் பார்த்தார்கள். அவர் நடுக்கிளாம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ரெசின் மெதுவாக வந்தது.

"என்னவே இது, ஆமை மாரி ஊருது?" என்றார்.

"குளுருல்லா. அப்படித்தான் வரும்."

"எப்பம் தொறக்க?"

"ஈரம் இந்தக் கொழாயத் தாண்டணும். நான் கையக் காட்டுதேன்."

படம் பிடிக்கிறவர், "அண்ணே, கை வலிக்கு. சட்டுபுட்டுன்னு முடிங்க" என்றார். நாற்காலியிலிருந்து யாரோ, "ராகுகாலம் வரப் போவுது பாத்துக்கோங்க" என்றார்கள். இன்னொருவர், "என்ன மாப்ள, ஒம்ம முறை வரவே வராது போலுக்கே" என்றார். சிரித்தார்கள். மச்சினரின் காது சிவந்தது.

"எங்க வயலுக்குத் தண்ணி பாய்ச்சினவன்வே நானு. ரெண்டு மடையையும் தொறந்து விட்டா சட்டுனு பாஞ்சிட்டுப் போவுது. இதுல என்ன பெரிய வித்த இருக்கு?"

சொல்லிக்கொண்டே கிளாம்பைத் திறந்துவிட்டார்.

"தொறக்காதீய!" என்று கத்தினேன்.

அந்தக் கொட்டகையில் என் குரல் அவ்வளவு உயர்ந்தது அன்று ஒரு முறைதான். மூடுவதற்குக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எனக்குச் சொல்ல நீரு யாருவே?" அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். "ஏலே, யார்ட்டலே சத்தம் போடுத? நல்ல காரியம் நடக்குத எடத்துல? தள்ளி நில்லுலே அங்கன."

தள்ளி நின்றேன்.

வயலில் இரண்டு மடையைத் திறந்தால் நடுவில் அடைபடுகிற காற்றுக்கு மேலே வானம் இருக்கிறது. பைக்குள் வானம் கிடையாது. முதல் குழாயின் ஈரம் முன்னால் வந்தது. நடுக்குழாயின் ஈரம் பின்னால் வந்தது. இரண்டும் ஓரங்களில் தொட்டுக்கொண்டன. நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு நின்றது. முறம் அளவுக்கு இருந்தது, கொஞ்சம் சுருங்கியது, பிறகு அதற்குமேல் சுருங்கவில்லை.

வெளியே போய்ப் பொறியாளருக்குப் போன் போட்டேன். அவர் பதறிவிட்டார். "அந்தத் திட்டுக்கு நேரா பையில சின்னதா ஒரு ஓட்டை போட்டு, பம்பு ட்யூபைச் சொருகிச் சுத்தி டேப் ஒட்டுங்க. காத்து வெளிய வந்துச்சுன்னா பொழைச்சுக்கும். இறுகறதுக்குள்ள செய்யணுங்க." உள்ளே ஓடி வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் நாற்காலிகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "இத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்கும்போது பையக் கிழிக்கப் போறியா? அபசகுனமா? அதுவா ஊறிரும், போ."

கேசரியும் வடையும் வந்தன. எல்லோரும் சாப்பிட்டார்கள். மச்சினர் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நான் அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா வந்து கூப்பிட்டார்.

"நீ மொறச்சா ரெசின் நடக்குமா? வா, வடை ஆறுது."

"யக்கா, இது போச்சு."

"தெரியும். அதுக்கு வடை என்ன பாவம் பண்ணிச்சு?" என்று என் கையில் ஒன்றை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வடையைத் தாளில் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அச்சிலிருந்து பலகையைப் பிரித்தபோது வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. "பாத்தியாலே, என்ன கொறையக் கண்ட?" என்றார் அண்ணாச்சி. அந்தப் பக்கம் எப்போதும் மின்னத்தான் செய்யும். அது அச்சில் முதலிலேயே பூசிய வெள்ளைப் பூச்சு.

காற்றாலைக் கம்பெனியிலிருந்து சோதனைக்காரர் வந்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பலகையை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக் என்று வந்த சத்தம் அந்த இடத்தில் பொத்தென்று ஆனது. சுற்றிலும் தட்டிப் பார்த்துப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்தை அறுத்தெடுக்கச் சொன்னார். நான்தான் அறுத்தேன். உள்ளே துணி ரெசினையே பார்க்காமல் வெள்ளையாக இருந்தது. அவர் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். இழை தலைமுடி மாதிரி கையோடு வந்தது. காற்றில் பறக்கும்படி அதை ஊதிவிட்டு, அண்ணாச்சியை நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டினார். "கொழாப் பக்கம் நின்னது இவன்தான் சார்."

அவ்வளவுதான். சோதனைக்காரர் என்னை ஒரு முறை பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி, "நீ போயி துணிய வெட்டு" என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் அண்ணாச்சியிடம் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

"அண்ணாச்சி, நடுக்கொழாய..."

"தெரியும்லே" என்றார். "எனக்குக் கண்ணு இல்லியா? அவனச் சொன்னா அவன் அக்கா வீட்ல என்னை இருக்க விடுவாளா? ஒன்னச் சொன்னா ஒண்ணும் இல்ல. நீ நம்ம ஆளு. தாங்கிக்கிடுவ."

இதை அவர் அன்பாகத்தான் சொன்னார். தெரியாமல் பழி போட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். தெரிந்தே போட்டுவிட்டு, தாங்கிக்கொள்வேன் என்றும் சொன்னார்.

"இன்னொரு பலகை போட்டுப் பாக்கலாமா, அண்ணாச்சி?"

"அவங்க வேற பட்டறைய பாத்துட்டாங்க. இந்த வேலை நம்மூருக்கு ஆவாதுலே. சாரல்ல ஒத்துவராது."

பம்பு விற்கப்பட்டது. சாரல் மேல் போட்ட பழி அப்படியே நின்றது, என் மேல் போட்டதும் நின்றது. மச்சினர் பெயரை யாரும் எடுக்கவில்லை. நான் மறுபடி பிரஷ்ஷை எடுத்தேன். சாதாரணப் பலகைகள் இப்போதும் வருகின்றன, கையால் பூசுகிறோம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறேன். ஆவிக்குத் துண்டு ஒரு தடையா?

போன சீசனில் மனைவி குற்றாலத்து ஐந்தருவிக்குப் போக வேண்டும் என்றாள். நல்ல சாரல். குளித்துவிட்டு ஈரத் தலையோடு கடைவீதியில் நடந்து வந்தோம். "ஓய், இங்க வாரும்!" என்று ஒரு கடையிலிருந்து சத்தம் கேட்டது. மச்சினர். நேந்திரங்காய் சிப்ஸ் பொரிந்துகொண்டிருந்தது. அவருக்கு என் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. டீ சொன்னார், உட்காரச் சொன்னார்.

அவர் முன்னால் சிப்ஸ் குவித்து வைத்திருந்த மேடையைப் பார்த்தேன். வெள்ளையாக மின்னியது. அறுத்தெடுத்த வட்டத்தின் மேல் எடைத் தராசை வைத்து மறைத்திருந்தார்கள்.

"தெரியுதா? நம்ம பலகைதான்" என்றார். பக்கத்தில் நின்ற கேரளாக்காரர்களிடம் திரும்பி, "சாரே, இது நான் என் கையால கொழாயத் தொறந்து செஞ்ச பலகையாக்கும். எவ்வளவு சாரல் அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றார். அவர்கள் தலையாட்டிவிட்டு, சிப்ஸில் உப்பு கூடுதலா என்று கேட்டார்கள்.

தராசுக்குப் பக்கத்தில் விரலால் தட்டினேன். பொத்தென்றது. அறுத்த பிறகும் சுற்றிலும் கொஞ்சம் காய்ந்த இடம் மிச்சமிருந்தது.

அதற்குள் எண்ணெய்ப் புகை நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமல் வந்தது. நிற்கவில்லை. டீ கையில் சிந்தியது. மனைவி முதுகைத் தடவினாள்.

மச்சினர் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "என்னவே, சாரல் ஒத்துக்கலியா ஒமக்கு?"

"ஆமா" என்றேன்.

பஸ்ஸ்டாண்டு வரை மனைவி முன்னால் நடந்தாள். அங்கே நின்று, "அவரு கேட்டதுக்கு எதுக்கு ஆமான்னிய?" என்றாள். பஸ் வந்ததும் முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். எப்போதும் அவள் உட்காருகிற இடம் அது. "இங்க உக்காருங்க, காத்து வரும்" என்று என்னை உட்கார வைத்தாள்.

காற்று நிறையத்தான் வந்தது. மறுநாள் வேலைக்கு உருளைகளைக் கழுவாமல் வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன்.